மைக்ரான் கணக்கு

போன மாதம் நம் வாசலில் காய்கறி வண்டிக்காரருக்கும் நம் குடியிருப்பு அன்பர் ஒருவருக்கும் சின்ன வாக்குவாதம். "இது தடை செய்த பைதானே?" என்றார் இவர். "இல்லை சார், கெட்டிப் பை" என்றார் அவர். அந்தக் 'கெட்டி' என்ற சொல்லுக்குப் பின்னால் இருபது வருடத்துக்கு மேற்பட்ட அரசு விதிகள் இருக்கின்றன.

1999 செப்டம்பரில் மத்திய அரசு முதல் விதியைக் கொண்டுவந்தது. பையின் தடிமன் 20 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடிமனைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. மெல்லிய பைக்கு எடையே கிடையாது. நூற்றுக்கணக்கில் சேர்த்தால்தான் ஒரு கிலோ தேறும் என்பதால், குப்பை பொறுக்குபவர் அதற்காகக் குனிவதில்லை. அது சாக்கடையை அடைத்து, வெயிலில் நைந்து, பொடிப்பொடியாகி மண்ணிலும் நீரிலும் கலந்துவிடும். கெட்டிப் பைக்குக் காயலான் கடையில் காசு கிடைக்கும். கடைக்காரரும் சும்மா தூக்கிக் கொடுக்க யோசிப்பார். கணக்கு நல்ல கணக்குதான்.

2011-இல் 40 ஆயிற்று. 2016-இல் 50, விதி கிராமங்களுக்கும் போனது. 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. பேரேட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முந்தைய எண் பலிக்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. மைக்ரானை அளக்கத் தனிக் கருவி வேண்டும். சந்தையில் அது யார் கையில் இருக்கிறது?

இதற்கிடையே 2004-இல், பிரிட்டனின் ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் கடற்கரை மணலில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களைக் கண்டு எழுதினார்கள். 'மைக்ரோபிளாஸ்டிக்' என்ற பெயர் அதன்பிறகுதான் பரவியது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த எல்லாமே இதில் சேர்த்தி. கெட்டிப் பையும் கடைசியில் துகள்தான், நாள் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 பொருட்களுக்குத் தடை. பை எத்தனை மைக்ரானாக இருந்தாலும் தடைதான். பால் பாக்கெட் போன்ற சிலவற்றுக்கு விலக்கு. அதை நாமும் நன்றாகவே பயன்படுத்துகிறோம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது.

கடல் விஷயத்தில் இந்த விதிகள் எதுவும் உதவாது. 2025 மே மாதம் கொச்சி அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. பிளாஸ்டிக் குருணை கேரளக் கரையிலும் நம் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கியது. கேரள அரசு அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பையாகக்கூட ஆகாத மூலப்பொருள் அது. மணலைச் சலித்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

ஆக, அன்றைய வாக்குவாதத்தில் நம்மவர் சொன்னதுதான் சட்டப்படி சரி. வண்டிக்காரரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொத்தக் கடையிலே கட்டுக்கட்டா விக்கிறாங்களே சார், அங்கே யாரும் கேக்கறதில்லையே?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.