நம் அயலில் தொடங்கிய பாடம்



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்றபோது ஒரு தாயார் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மகள் சட்டம் பயில்கிறாள். வணிகச் சட்ட நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெறும் வாய்ப்பை விட்டுவிட்டு, மனித உரிமைச் சட்டத்தில் உள்ளகப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். “ஃபாதர், பிள்ளை சட்டம் படிக்கட்டும். ஆனால் இந்த வேலை வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ” என்றார். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை அவருடைய அனுமதியோடு உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அவருடைய அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கலாநிதி நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் தற்கொலைக் குண்டுதாரியால் கொல்லப்பட்டார். அடுத்த ஜனவரியில் குமார் பொன்னம்பலம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 நவம்பரில் நடராஜா ரவிராஜ். மூவரும் சட்டத்தரணிகள். அரசியலில் மூவரும் ஒரே வழியில் நின்றவர்கள் அல்லர். கொன்ற கைகளும் ஒன்றல்ல. அந்நாட்களைக் கண்டு வந்த ஒரு தாய்க்கு, மகளின் வாயிலிருந்து ‘மனித உரிமை’ என்ற சொல் வரும்போது நெஞ்சு பதறாமல் இருக்குமா?

ஆயினும் இந்தப் பயிற்சிக்கு நாம் வாழும் இடத்தில் ஒரு வரலாறு உண்டு. நம் மல்கிரேவின் வெலிங்டன் வீதி வழியே மேற்கே சென்றால் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகம். ஸ்பிரிங்வேல் வீதியில் தெற்கே சென்றால், சனிக்கிழமைகளில் மீனும் மரக்கறியும் வாங்க நாம் போகும் ஸ்பிரிங்வேல். அந்த வரலாறு இவ்விரு இடங்களுக்கும் நடுவே எழுதப்பட்டது.

1972 டிசம்பரில் ஃபிட்ஸ்ரோய் நகர மண்டபத்தில் இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஸ்பிரிங்வேலிலும் அத்தகைய ஒன்று, தொண்டர்களின் உழைப்பால் தொடங்கியது. 1975இல் மொனாஷ் சட்டக் கல்விப் பிரிவு, உண்மையான கட்சிக்காரர்களுக்கு உதவுவதையே மாணவர்களின் பாடமாக்கியது. அவுஸ்திரேலியாவில் இத்தகைய முதல் முயற்சி அதுவே என்பர்.

அப்பாடம் எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மாணவி மேசையின் ஒரு பக்கம். மறுபக்கம் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படவிருக்கும் ஒருவர், சம்பளம் மறுக்கப்பட்ட ஒருவர், அல்லது கணவனின் அடிக்கு அஞ்சி வந்த ஒரு பெண். மாணவியே கேட்கிறாள், குறித்துக்கொள்கிறாள், கோப்பைத் திறக்கிறாள். பின்னர் மேற்பார்வைச் சட்டத்தரணியிடம் சென்று விவரம் சொல்கிறாள். அவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை தெரியாமல் திரும்பி வருகிறாள். ஒரே கடிதத்தை மூன்று நான்கு முறை திருத்துகிறாள். கேட்டதை வெளியே பேசாதிருக்கவும் பழகுகிறாள். பாவசங்கீர்த்தனம் கேட்கும் எனக்கு அந்தக் கடைசிப் பயிற்சியின் அருமை நன்றாகவே விளங்குகிறது.

1970களின் பிற்பகுதியில் வியட்நாமியரும் கம்போடியரும் ஸ்பிரிங்வேலின் குடியேற்றவாசிகள் விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். சட்டத்தை அகதியின் பக்கத்திலிருந்து பார்க்க அப்பகுதி மாணவர்களுக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

மொனாஷில் 2000ஆம் ஆண்டு நிறுவப்பட்ட காஸ்டன் மனித உரிமைச் சட்ட மையமும் மாணவர்களை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள அமைப்புகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது. அதன் பெயருக்குரிய ரொன் காஸ்டன், விக்டோரிய ஆதிக்குடிகள் சட்ட சேவையை உருவாக்கியவர்களில் ஒருவர். எடி மாபோவின் நில உரிமை வழக்கில் வாதாடியவர். 1982இல் தொடுக்கப்பட்ட அவ்வழக்கின் தீர்ப்பு 1992 ஜூன் 3 அன்றுதான் வந்தது. அதைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. இந்தத் துறையில் பொறுமை எத்துணை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். அகதிகள் என ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரும், பாதுகாப்புப் புலனாய்வுத் துறையின் பாதகமான மதிப்பீட்டினால் ஆண்டுக்கணக்கில் தடுப்பில் வைக்கப்பட்டவர்களை நீங்கள் அறிவீர்கள். காரணம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. காலவரையற்ற தடுப்புக் காவல் செல்லும் என்று 2004இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தபடியால், உள்நாட்டில் வழி அடைபட்டிருந்தது. ஆகவே 46 பேரின் முறையீடுகள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்குச் சென்றன; அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர். சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பென் சோல் அவர்களுக்காக வாதாடினார். 2013இல் குழு, அத்தடுப்பு தன்னிச்சையானது எனக் கண்டது. அக்கருத்து அவுஸ்திரேலிய அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. எனினும் அடுத்த ஆண்டுகளில் பலர் படிப்படியாக வெளிவந்தனர். 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பை உயர் நீதிமன்றமே 2023 நவம்பரில் கைவிட்டது.

தோல்வியும் உண்டு. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து படகில் புறப்பட்ட 157 பேர் ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே கப்பலில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அது சட்டப்படியானதே என்று 2015 ஜனவரியில் நான்கு நீதிபதிகள் கூற, மூவர் மறுத்தனர். அந்த மூவரின் மறுப்புரையைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கலாம்.

இத்தகைய முறையீடுகளுக்குப் பின்னால் பழைய தீர்ப்புகளைத் தேடுவதும், திகதிகளைச் சரிபார்ப்பதும், வாக்குமூலங்களை ஒழுங்குபடுத்துவதும் ஆகிய வேலைகள் மலைபோல் இருக்கும். பயிற்சி மாணவர்களுக்குப் பெரும்பாலும் தரப்படுபவை அவையே. நம் மக்களின் வாக்குமூலத்தை அவர்களின் மொழியிலேயே கேட்டு, ‘இயக்கம்’ என்றால் என்ன, ‘சுற்றிவளைப்பு’ என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு பிள்ளை அந்த மேசையில் இருப்பது சிறிய காரியமன்று. இதைத்தான் அந்தத் தாயாரிடம் சொன்னேன்.

எனக்கும் ஒரு குறை உண்டு. இப்பயிற்சிகளில் பலவற்றுக்கு ஊதியமில்லை. பகுதிநேர வேலை செய்து வீட்டு வாடகைக்கு உதவும் பிள்ளையால் மூன்று மாதம் சம்பளமின்றி எப்படி இருக்க முடியும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே இத்துறை என்றாகிவிடக்கூடாது. இதைப் பங்குப் பேரவையில் பேச எண்ணியிருக்கிறேன்.

அந்த மகளுக்கு வியாழக்கிழமை நேர்காணல். தாமே காரில் கொண்டுபோய் விடுவதாகத் தாயார் சொல்லியிருக்கிறார். அக்காலத்தில் தடுப்பு முகாமில் இருந்தவர்கள் நம்மிடையே உண்டு. உங்களில் எவரேனும் சட்டம் பயிலும் பிள்ளைகளோடு பேச மனம் வைத்தால், அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் மண்டபத்தைத் திறந்து வைக்கிறேன். தேநீர் என் பொறுப்பு.