சிறுவில்லும் திண்ணனார் வில்லும்

வேட்டை என்ற அளவிலே யானையும் புலியும் ஏனமும் நினைவிற்கு வருதல் உலகியல்பு. திருவள்ளுவரும் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், காட்டு முயலைத் தப்பாது எய்த அம்பினும் யானைமேல் எறிந்து தப்பிய வேலை ஏந்துதலே இனிதென்றருளினார் (குறள் 772). அது போர்மறவரின் பெருமிதம் கூறும் இடம். ஆண்டு அங்ஙனம் கூறுதலே தகுதி. ஆயினும், முயலையும் உடும்பையும் எலியையும் நோக்கி வளைந்த சிறுவில்லிற்கும் தமிழகத்தில் தொன்மையான வரலாறு ஒன்று உண்டு. அதனை அறிந்தார்க்கே, சேக்கிழார் பெருமான் கண்ணப்ப நாயனார் புராணத்துள் வேட்டுவர் ஒழுக்கம் குறித்து அமைத்த அரியதொரு செய்தியின் அருமை புலனாகும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய புறநானூற்றில், 324-ஆம் பாட்டு ஆலத்தூர் கிழார் பாடியது. அதன் தொடக்கத்தில் வேட்டுவச் சிறார் சிலர் நம் கண்முன் நிற்கின்றனர். காட்டுப்பூனையினை ஒத்த வெருண்ட பார்வையும், பறவையூன் தின்று புலால் நாறும் வாயும் உடைய அச்சிறுவர் கையில் இருப்பது இளங்கொம்பொன்றை வளைத்துக் கட்டிய வில். அம்போ, ஊகம்புல்லின் மெல்லிய தண்டு. அதன் முனையில் இரும்பு இல்லை. உடைமரத்தின் வெள்ளிய முள்ளே செருகப்பட்டுள்ளது. முள்ளின் அடியில் இயல்பாகவே துளை உண்டாதலின், புல்தண்டு அத்துளையிற் பொருந்தி நிற்கும். கொல்லன் உலைக்களமும் தச்சன் உளியும் வேண்டாது, காடே கொடுத்த கருவி இது. இதனை ஏந்திப் பருத்தி வேலியில் மறைந்தியங்கும் எலியை அவர்கள் பார்த்திருக்கின்றனர்.

இக்கருவியின் அமைப்பினை ஆராயின் அதன் பயனும் விளங்கும். முள்முனை பெருவிலங்கின் தோலை ஊடுருவாது. எலி முதலிய சிற்றுயிர்க்கே அது அமையும். புல்தண்டு இலேசானதாதலின் நெடுந்தொலைவு செல்லாது. ஆகவே எய்வான் குறியினை அணுகுதல் வேண்டும். அணுகியபின் அசையாது காத்திருத்தல் வேண்டும். அம்பு தவறினும் இழப்பில்லை. மற்றொரு புல்லும் மற்றொரு முள்ளும் அருகிலேயே கிடைக்கும். கண்ணும் கையும் மூச்சும் ஒன்றுபட்டு நிற்கும் பயிற்சியை இளமையிலேயே தருவது இச்சிறுவில். பின்னாளிற் பெருவில் ஏந்துவோர்க்கு இதுவே அரிச்சுவடி எனலாம்.

அவ்வம்பிற்குத் தண்டு தந்த ஊகம்புல்லை மற்றொரு புலவரும் கண்டார். புறநானூற்று 307-ஆம் பாட்டு அதன் முதிர்ந்து உதிரும் பூவிற்கு வேனிற்காலத்து வரியணிலின் வாலை உவமை கூறுகின்றது. காட்டின் சிறுபொருள்களையும் சிற்றுயிர்களையும் பண்டைப் புலவர் எத்துணை அணுகி நோக்கினர் என்பதற்கு இஃதொன்றே சாலும்.

இனி, இவ்வேட்டையாற் கிடைத்தது யாதாயிற்று என்பதும் அறியத்தக்கது. தங்காற் பொற்கொல்லனார் பாடிய 326-ஆம் பாட்டில், வேட்டுவச் சிறார் நெடுந்தூரம் செல்லாது மடையிலே அகப்பட்ட குறுங்கால் உடும்பைப் பிடித்து வருகின்றனர். மனையாள் அதன் நிணத்தைத் தயிரோடு கூடிய கூழிற் பெய்து சமைத்துப் பாணர்க்கும் வந்த விருந்தினர்க்கும் அளிக்கின்றாள். உறையூர் முதுகண்ணன் சாத்தனாரது 325-ஆம் பாட்டிலோ, முள்ளம்பன்றியைக் கொன்ற ஆடவர் உடும்பின் தசையை அறுத்துச் சிறுமனையின் முன்றிலிற் கூறு செய்கின்றனர். கிடைத்தது சிறிது, உண்போர் பலர், எனினும் பகுத்தலின்றி உண்டல் இல்லை. பெரும்பாணாற்றுப்படையும், எயினர் வேலியில் வலைகட்டி நாய்களை ஏவிக் குறுமுயலை வளைத்துப் பிடித்தலைக் கூறுகின்றது. வன்னிலத்தில் உழவின்றி வாழ்ந்தோர்க்கு இவ்வேட்டை விளையாட்டன்று. வயிற்றுத் தீ தணித்தற்கு அமைந்த தொழில்.

பெருவில்லும் சிற்றுயிரை விட்டுவைத்ததில்லை. வன்பரணர் பாடிய 152-ஆம் பாட்டில், கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரி எய்த ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, முடிவில் அயலிலிருந்த புற்றின்கண் உள்ள உடும்பிற் சென்று தங்கிற்று. வில்லாற்றலின் எல்லை கூறப்புக்க புலவர், யானையில் தொடங்கி உடும்பில் முடித்தமை காண்க.

இச்சிற்றுயிர்களுள் அணிலுக்குத் தமிழர் உள்ளத்தில் ஒரு தனியிடம் உண்டு. தொல்காப்பிய மரபியல் அதனை மூன்று வரியுடையதாகவே குறித்து, கீரியினத்து மூங்கா, வெருகு, எலி என்பவற்றோடு சேர்த்து, அதன் இளமைக்குக் குட்டி என்னும் பெயரை வகுத்தது. மக்கள் நீங்கிய மனையின் முன்றிலில் அணில் ஆடும் காட்சியைக் குறுந்தொகை 41-ஆம் பாட்டிற் புனைந்த புலவர்க்கு அணிலாடு முன்றிலார் என்பதே பெயராயிற்று. தொண்டைநாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்றாகிய குரங்கணில்முட்டத்தில், குரங்கும் அணிலும் முட்டமாகிய காகமும் இறைவனை வழிபட்டன என்பது தலவரலாறு; அதுவே தலப்பெயர்க்கும் காரணம். ஆளுடைய பிள்ளையார் இத்தலத்தைப் பாடியருளினார். வாலி குரங்காகவும், இந்திரன் அணிலாகவும், யமன் காகமாகவும் வந்து பூசித்தனர் என்பர். அம்பின் குறிக்கு இலக்காகத்தக்க மிகச் சிறிய உயிரும் சிவபூசைக்கு உரியதே என்பது அப்பதியிற் பெறப்படும் உண்மை.

இனித் திண்ணனார் வரலாற்றிற்கு வருவோம். அநபாயன் எனப்பெறும் இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்திற் சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளிச்செய்தார். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவனாகிய நாகனுக்கும் தத்தைக்கும் மகவாய்த் தோன்றிய திண்ணனாரின் பிள்ளைப்பருவத்தை அவர் விரித்துரைக்கின்றார். ஆலத்தூர் கிழார் காட்டிய சிறுவர் எலியைக் கொல்லக் காத்திருந்தனர். திண்ணனாரோ முயற்குட்டியையும் பன்றிக்குட்டியையும் புலிக்குருளையையும் செந்நாய்க்குட்டியையும் விரைந்தோடித் தொடர்ந்து பற்றி, முற்றத்து மரத்தறிகளிற் கட்டி வளர்த்தார். இளமையில் அவர் கை உயிரைப் பற்றியது. ஆயின் பற்றியதைக் காத்தது.

பின்னர் வில்விழா நிகழ்ந்தது, வில்வித்தை நிரம்பியது, கன்னிவேட்டையும் வந்தது. அவ்வேட்டையின் கடுமையை ஒலிநிறைந்த செய்யுட்களாற் பாடிவரும் சேக்கிழார், இடையே வேடர்க்குரிய ஒரு நெறியை நிறுத்துகின்றார். யானைக்கன்றுகளை அவர்கள் தொடரார். சிறுகுட்டிகள்மேற் கொலை விரவார். கருவுற்று நடை தளர்ந்த பெண்விலங்குகளை வருத்தார். எதிர்த்துப் பாயும் கொடிய விலங்குகளின்மேலேயே அவர் அம்பு சென்றது. கொலைத் தொழிலின் நடுவே இவ்வரம்பு எங்ஙனம் தோன்றிற்று? காட்டால் உண்பவர் காட்டைக் கருவறுத்தல் கூடாதென்பது அவர் பட்டறிவு. அதனினும் மேலாக, குட்டியையும் சூலையும் கண்டவிடத்து நெகிழும் நெஞ்சம் அவர்பால் இருந்தது. அந்நெகிழ்ச்சியே பின்னர்க் காளத்தி மலையில் அன்பாய்ப் பெருகுதற்கு நிலமாயிற்று.

ஈண்டு இருதிறத்தார் பிழைபடுவர். வேடர் குலம் கொலைக்குலமாதலின் அதன்கண் அருட்குணம் இராதென்பார் ஒருசாரார். அவர் மேற்கூறிய செய்யுளை ஊன்றி நோக்காதவர். நாயனாரே வேட்டையாடினமையின் ஊனுணவும் வேட்டையும் நமக்கும் குற்றமில்லை என்பார் மற்றொரு சாரார். அவர் நாயனார் செயலைக் கொண்டு அன்பினை விட்டவர். கொல்லாமையே அறங்களுள் தலையாயது என்பது திருவள்ளுவர் துணிபு. பிறிதுணவு பெறாத வேடர் அன்று செய்ததை, எல்லா உணவும் எளிதிற் பெறுவோர் இன்று செய்தற்கு அது சான்றாகாது. 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உடும்பு வேட்டை இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றமுமாம். வேடர் தம் உள்ளத்தே வகுத்துக்கொண்ட வரம்பினை நாட்டார்க்குச் சட்டத்தால் வகுக்க வேண்டியதாயிற்று.

நாயனார் பொன்முகலியாற்றங்கரையில் ஊனைப் பக்குவஞ்செய்து, பல்லால் அதுக்கிச் சுவை கண்டு, நல்லனவற்றையே பெருமானுக்குக் கொணர்ந்தார். இரவெல்லாம் துயிலாது வில்லேந்திக் காத்தார். இறைவன் கண்ணிற் குருதி பெருகியபோது, எய்தவரைத் தேடி அம்பொடு விரைந்தார். எவரையும் காணாது மீண்டார். பச்சிலை பிழிந்தும் குருதி நில்லாமை கண்டு, அவ்வம்பினாலேயே தம் கண்ணை இடந்து அப்பினார். பிறவுயிரை நோக்கிக் குறிபார்த்துப் பழகிய கண் அது. அவற்றின்மேல் எய்து பழகிய கணை அது. இரண்டும் அன்று தமக்கெனப் பிறிதொன்றை வேண்டவில்லை. பருத்தி வேலியில் எலிபார்த்த சிறுவர் கையில் தொடங்கிய வில்லின் வரலாறு, காளத்தியில் தன்னையே கொடுக்கும் அன்பில் முடிந்தது. வில்லைப் போற்றுவோர் போற்றற்பாலது அம்முடிவினையே என்க.