பனிப்பறவைகளும் கார்க் காப்பீடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களில் வாழும் ஓய்வுபெற்றோர் பலர் குளிர்காலத்தைப் புளோரிடா, அரிசோனா போன்ற வெப்பமான மாநிலங்களில் கழித்துவிட்டு வசந்த காலத்தில் ஊர் திரும்புகின்றனர். வலசை போகும் பறவைகளை ஒத்திருப்பதால் இவர்கள் 'பனிப்பறவைகள்' என அழைக்கப்படுகின்றனர். இவர்களுடன் இவர்களது காரும் மாநில எல்லையைக் கடக்கிறது. ஆனால் கார்க் காப்பீட்டுச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. ஆகவே கார் எந்த மாநிலத்துக்கு உரியது என்ற கேள்வி எழுகிறது. விபத்தில் காயமடைந்த முதியவருக்கு எவ்வளவு மருத்துவச் செலவு கிடைக்கும் என்பது அதன் விடையைப் பொறுத்தது.

மாநிலங்களின் அதிகாரம்

காப்பீட்டு ஒப்பந்தம் வழங்குவது வணிகம் ஆகாது என 1869இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் இருந்தது. 1944இல் அந்நீதிமன்றம் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. மறு ஆண்டே மெக்கேரன்-பெர்குசன் சட்டத்தின் மூலம் காங்கிரஸ் அப்பொறுப்பை மாநிலங்களிடமே விட்டுவிட்டது.

கார் உரிமையாளர்களுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் மாசச்சூசெட்ஸ். அச்சட்டம் 1927இல் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் 1956இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. பெரும்பாலான மாநிலங்கள் பின்னர் இவ்வழியில் சென்றன. நியூ ஹாம்ப்ஷயர் இன்றும் அனைவருக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை.

தெற்கு நோக்கிய பயணம்

1915இல் தொடங்கிய டிக்சி நெடுஞ்சாலைத் திட்டம் நடுமேற்கு மாநிலங்களை மயாமியுடன் இணைத்தது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு மாத வருமானம் தந்தது. 1956இல் மாநிலங்களுக்கு இடையிலான விரைவுச்சாலைகளுக்குப் பெரும் நிதி ஒதுக்கப்பட்டது. 1960இல் அரிசோனாவில் ஓய்வுபெற்றோருக்கான சன் சிட்டி குடியிருப்பு திறக்கப்பட்டது. 1971இல் பயணிகளையும் அவர்களது கார்களையும் ஒன்றாக வர்ஜீனியாவிலிருந்து புளோரிடாவுக்குக் கொண்டுசெல்லும் ரயில் ஓடத் தொடங்கியது.

நாள் கணக்கு

அதே காலத்தில் காப்பீட்டு முறையும் மாறியது. விபத்துக்கு யார் காரணம் என்று பாராமல், அவரவர் காப்பீட்டு நிறுவனமே மருத்துவச் செலவைத் தரும் முறையை மாசச்சூசெட்ஸ் 1971இல் தொடங்கியது. புளோரிடா 1972இலும் மிச்சிகன் 1973இலும் இதைப் பின்பற்றின. ஆனால் தொகை ஒன்றாக இல்லை. மிச்சிகனில் மருத்துவச் செலவுக்கு உச்சவரம்பே இல்லை. வாழ்நாள் முழுவதும் அது வழங்கப்பட்டது. புளோரிடாவிலோ கட்டாய அளவு 10,000 டாலராக நின்றது.

வெளிமாநிலத்தாருக்கு இரு மாநிலங்களும் நாள் கணக்கு வைத்தன. வெளிமாநிலக் கார் முந்தைய 365 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் புளோரிடாவில் இருந்தால், அம்மாநிலச் சட்டம் கோரும் காப்பீடு வேண்டும். அந்நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. மிச்சிகனில் இந்த வரம்பு ஓர் ஆண்டில் 30 நாட்கள்.

மிச்சிகனின் காப்பீட்டுக் கட்டணம் நீண்ட காலம் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. காரின் பதிவைப் புளோரிடாவுக்கு மாற்றுவோர் அந்தக் கட்டணத்துடன் வாழ்நாள் மருத்துவப் பாதுகாப்பையும் இழக்க நேரிடும். மிச்சிகன் காப்பீட்டைத் தொடர்பவருக்கோ புளோரிடாவில் விபத்து நேர்ந்தாலும் அப்பாதுகாப்பு உண்டு. 2019இல் மிச்சிகன் சட்டத்தைத் திருத்தியது. 2020 ஜூலை முதல் குறைந்த உச்சவரம்பைத் தேர்ந்தெடுத்துக் குறைந்த கட்டணம் செலுத்த வழி ஏற்பட்டது.

இன்றைய நடைமுறை

பொதுவாக, வேறு மாநிலத்தில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை அம்மாநிலத்தின் குறைந்தபட்ச அளவுக்கு உயரும் என்ற விதி ஒப்பந்தத்திலேயே இருக்கும். இது தற்காலிகப் பயணத்துக்குப் போதுமானது. பல மாதங்கள் தங்குவோர், கார் வழக்கமாக நிறுத்தப்படும் முகவரியை நிறுவனத்துக்கு உண்மையாகத் தெரிவிக்க வேண்டும். கட்டணம் அம்முகவரியை ஒட்டியே கணக்கிடப்படுவதால், அதை மறைத்தவரின் இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படலாம்.

ஊரிலேயே விட்டுச்செல்லும் காருக்கு, ஓட்டுவதற்கான காப்பீட்டை நிறுத்தி, திருட்டு, தீ போன்றவற்றுக்கான காப்பீட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆனால் நியூயார்க், புளோரிடா போன்ற மாநிலங்களில் காப்பீட்டை நிறுத்தும் முன் எண் தகட்டை ஒப்படைக்க வேண்டும்.