நஷ்டத்தை ஏட்டில் எழுதிய ஆண்டு

1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோது, வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் கதிகலங்கிப் போனார்கள். அந்த நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கியே காப்பு என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைக்க, நாட்டுக்கோட்டை நகரத்தார் கைகொடுக்க, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொழில் தொடங்கியது. கொழும்பு, சிங்கப்பூர் என்று கடல் கடந்தும் கிளை விட்டது. 1969இல் நாட்டுடைமையானது.

விழா மலர்கள் வழக்கமாக இந்தப் பெருமையோடு நின்றுவிடும். நான் எழுத விரும்புவது 1995-96ஆம் ஆண்டைப் பற்றி. அந்த ஓராண்டில் வங்கி காட்டிய நஷ்டம் 1,336 கோடி ரூபாய். இந்திய வங்கி எதுவும் அதுவரை அவ்வளவு பெரிய நஷ்டத்தைக் கண்டதில்லை.

அது ஓராண்டில் வந்த நஷ்டமா? இல்லை. முன்பெல்லாம் காலாண்டு முடிந்ததும் கடன் கணக்கில் வட்டியைப் பற்று வைப்பார்கள். கடன்காரர் ஒரு பைசா கட்டாவிட்டாலும் அது வங்கியின் வருமானமாக ஏறிவிடும். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்தால் கணக்கு இன்னும் அழகாகத் தெரியும். வங்கித் துறைச் சீர்திருத்தத்துக்காக அமைந்த நரசிம்மம் குழுவின் பரிந்துரைக்குப் பின் ரிசர்வ் வங்கி பிடியை இறுக்கியது. நான்கு காலாண்டு வட்டி நிலுவையானால் வாராக் கடன் என்று தொடங்கிய விதி, 1995 மார்ச்சில் இரண்டு காலாண்டாகச் சுருங்கியது. கைக்கு வராத வட்டியை வருமானம் என்று எழுத இனி வழியில்லை. மூடி வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

1999இல் வர்மா குழு நலிந்த வங்கிகள் என்று குறிப்பிட்ட மூன்றில் நம் வங்கியும் ஒன்று. அன்று கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அந்த வலி முழுதாகத் தெரியும், "எங்க டெபாசிட் பத்திரமா இருக்குமா சார்?" என்று கேட்டவருக்கு அவர்கள்தானே பதில் சொன்னார்கள்!

2000இல் ரஞ்சனா குமார் தலைமைக்கு வந்தார். அரசு மூலதனம் போட்டது. ஏராளமானோர் விருப்ப ஓய்வில் போனார்கள். மிஞ்சியவர்கள் இரட்டை வேலை பார்த்தார்கள். கடன்காரர்களின் வாசலேறி, பேசித் தீர்த்து, வந்ததை வசூலித்தார்கள். வட்டி விகிதம் இறங்கியதால் கையிலிருந்த அரசுப் பத்திரங்களின் விலை ஏறியதும் கைகொடுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. 2001-02இல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது.

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அந்த 1995-96 ஆண்டறிக்கையை ஒருமுறை தேடி எடுத்துப் படியுங்கள். மீட்சி தொடங்கியது லாபம் வந்த ஆண்டில் என்று நான் நினைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிய அந்த ஆண்டில்தான்.