பாரதியின் பாடல் நூல்கள் (1907–1922)

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் பிறந்த சுப்பிரமணிய பாரதி, தம் பாடல்களை ஒரே பெருந்தொகுப்பாக வெளியிட்டவர் அல்லர். அவை சிறுசிறு நூல்களாகவே அவ்வப்போது வந்தன. இன்று நாம் கையில் எடுக்கும் 'பாரதியார் கவிதைகள்' என்னும் ஒற்றை நூல், தேசியப் பாடல், தோத்திரப் பாடல் என்று பொருள் வாரியாகப் பிரிக்கப்பட்டது. அதனால் எந்தப் பாடல் எப்போது, எந்த நெருக்கடியில் வெளிவந்தது என்பது மாணவர்களுக்குத் தெரியாமல் போகிறது. நூல்களைக் கால வரிசையில் வைத்து, ஒவ்வொன்றையும் அச்சிட்டவர் யார் என்று பார்த்தால் கவிஞரின் வளர்ச்சி தெளிவாகப் புலப்படும்.

பின்னணி

பாரதி வளர்ந்த எட்டயபுரம் கரிசல் பூமியின் இசைத் தலங்களுள் ஒன்று. முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது இவ்வூரில்தான். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904-இல் அச்சானதும் இங்கேதான். அருகில் கழுகுமலை முருகன்மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து ஊர்தோறும் ஒலித்தது. அரண்மனைச் சங்கீதம், தெருவில் பாடும் சிந்து என்ற இரண்டும் பாரதியின் காதில் சிறுவயதிலேயே விழுந்தன. பிற்காலத்தில் பாடல்களுக்கு மேல் ராகம், தாளம் அல்லது வர்ண மெட்டைக் குறித்து வைத்த வழக்கத்துக்கு இதுவே அடிப்படை.

தேச கீதங்கள்: 1907–1909

முதல் வெளியீடு வெறும் மூன்று பாடல்கள் கொண்ட சிறு பிரசுரம். 1907-இல் சென்னை வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் அதில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவர் மிதவாதி, பாரதியோ தீவிரவாத அணியைச் சேர்ந்தவர். கொள்கையில் எதிர் அணியில் நின்றவரே பாடலின் அருமையை உணர்ந்து கைப்பணம் செலவிட்டது குறிப்பிடத்தக்கது.

1908-இல் 'ஸ்வதேச கீதங்கள்' நூலாக வந்தது. தாம் குருவாகக் கொண்ட சகோதரி நிவேதிதைக்குப் பாரதி அதைக் காணிக்கையாக்கினார். அவ்வாண்டிலேயே கைதுக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்து 1909-இல் 'ஜன்ம பூமி' வந்தது. இக்காலப் பாடல்களில் பேசுபவர் 'நான்' அல்லர், 'நாம்'. கூட்டமாகப் பாட ஏற்ற எளிய சந்தமும் பழகிய மெட்டும் இவற்றின் இயல்பு. திருநெல்வேலி கலெக்டர் விஞ்சும் வ.உ.சி.யும் பேசிக்கொள்வதாக அமைந்த பாடல்களுக்குக்கூட, மக்கள் நன்கு அறிந்திருந்த நந்தனார் சரித்திர மெட்டையே அவர் எடுத்துக்கொண்டார்.

1910-இல் வெளிவந்த 'கனவு' தன் வரலாற்றுச் செய்யுள். இங்குதான் முதன்முதலாக 'நான்' முன்னுக்கு வருகிறது. இளமைக் காதல், தந்தையின் பொருளிழப்பு, விருப்பமில்லாமல் பயின்ற ஆங்கிலக் கல்வி ஆகியவற்றை அது பேசுகிறது.

மணியாச்சிக்குப் பின்

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில், ரயில் பெட்டியில் இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தாமும் சுட்டுக்கொண்டு இறந்தார். இக்கொலையில் பாரதிக்குப் பங்கில்லை. ஆயினும் புதுச்சேரியில் தங்கியிருந்த தேசபக்தர்கள் அனைவர்மீதும் போலீஸ் கண்காணிப்பு இறுகியது. 'கனவு' நூலுக்கும் 'ஆறில் ஒரு பங்கு' கதைக்கும் சென்னை அரசாங்கம் தடை விதித்தது. பிறந்த ஊருக்குப் பக்கத்து ரயில் நிலையத்தில் வெடித்த துப்பாக்கி, கவிஞரின் புத்தகச் சந்தையை அடைத்துவிட்டது எனலாம்.

விளைவு இரண்டு வகையானது. ஒன்று, அச்சிடுவோர் அருகினர். 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-இல் வந்தது. இரண்டாம் பாகம் அவர் உயிரோடிருக்கையில் வெளிவரவே இல்லை. தேசப் பாடல்களின் தொகுப்பான 'மாதா மணிவாசகம்' 1914-இல் கடல் கடந்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அச்சாயிற்று. மற்றொன்று, பாடுபொருள் மாறியது. மேடையும் ஊர்வலமும் கைக்கு எட்டாத நிலையில் வீடும் குழந்தையும் தெய்வமும் பாட்டுக்குள் வந்தன.

கண்ணன் பாட்டு: 1917

இம்மாற்றத்தின் உச்சம் 'கண்ணன் பாட்டு'. பரலி சு. நெல்லையப்பர் 1917-இல் சென்னையில் வெளியிட்ட இந்நூலில் 23 பாடல்கள் உள்ளன. கண்ணன் தோழனாக, தாயாக, சேவகனாக, சீடனாக, விளையாட்டுப் பிள்ளையாக, காதலியாகக்கூட வருகிறான். முன்பு தேசத்தைத் தாயாகப் பாடியவர், இப்போது தெய்வத்தை வேலைக்காரனாகவும் பாடத் துணிந்தார். ஆனால் பழகிய பேச்சும் பழகிய மெட்டும் மாறவில்லை. 'பாப்பா பாட்டு', 'முரசு', 'நாட்டுப் பாட்டு' ஆகியவற்றையும் நெல்லையப்பரே சிறு நூல்களாகக் கொண்டுவந்தார்.

நிறைவேறாத திட்டம்

1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி, கைதாகி விடுதலை பெற்று, மனைவியின் ஊரான கடையத்தில் தங்கினார். 1920-இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட எளிதாகத் தம் நூல்கள் விற்கும் என்பது அவருடைய நம்பிக்கை. பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

மறைவுக்குப் பின்

1922-இல் மனைவி செல்லம்மா பாரதி 'ஸ்வதேச கீதங்கள்' நூலை மீண்டும் பதிப்பித்தார். 1928-இல் பர்மா அரசாங்கம் பாடல்களைத் தடை செய்ய, அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் நூல்கள் பறிமுதல் ஆயின. சட்டசபையில் சத்தியமூர்த்தி இதை எதிர்த்து வாதாடினார். 1949-இல் உரிமையை அரசு வாங்கியது. 1955-இல் அது பொதுமக்களுக்கு உரியதாக்கப்பட்டது.

மிதவாத வழக்கறிஞர், டர்பன் தமிழர், நெல்லைச் சீமை நண்பர், விதவையான மனைவி, கடைசியில் ஒரு காலத்தில் தடை விதித்த அதே அரசு எனப் பலர் கைமாறி வந்தவை இப்பாடல்கள். இன்று பள்ளிக் காலை வழிபாட்டில் அவற்றைப் பாடும் மாணவர், மேலே அவர் எழுதி வைத்த ராகக் குறிப்பையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அவை படிப்பதற்கு மட்டுமல்ல, பாடுவதற்கென்றே எழுதப்பட்டவை.