எமன் பெற்ற பிள்ளையா எம்டன்?

சென்னையை அடுத்த அனகாபுத்தூரில் அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டம். பேசியவர், “எமனை ஒத்தவன் எமதன், அதுவே எம்டன் என்று திரிந்தது” என்றார். அரங்கம் கைதட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை.

எமதன் என்ற சொல் எந்த நூலில் இருக்கிறது? சங்கப் புலவர்கள் கூற்றம் என்றார்கள், அப்பர் நமன் என்றார், சயங்கொண்டார் மறலி என்றார். எமகாதகன் பேச்சில் உண்டு. எமதனை மட்டும் ஒருவரும் கண்டதில்லை. அதைவிட வலுவான சான்று எழுத்திலேயே இருக்கிறது. தொல்காப்பிய நூன்மரபின் மெய்ம்மயக்க விதிப்படி மகர மெய்யை அடுத்துப் பகரம் வரும், யகர வகரங்கள் வரும், மகரமே இரட்டிக்கும். டகரம் வராது. இரு சொல் புணர்ந்தது என்றும் தப்பிக்க முடியாது; டகரம் மொழிக்கு முதலாகாது. ‘ம்ட’ என்ற மயக்கமே இது கடல் கடந்து வந்த சொல் என்று சொல்லிவிடுகிறது.

வந்ததும் கடல் வழியாகத்தான். ஜெர்மனியில் எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எம்டன் நகரம் இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்றது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்துவிட்டுக் கப்பல் இருளில் மறைந்தது. உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் உள்ள கல்வெட்டு இதற்குச் சாட்சி. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியது.

கப்பல்கள் நமக்குச் சொற்களைக் கொண்டுவருவது புதிதல்ல. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் சரக்கு. நம் கட்டுமரமும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. எம்டன் விஷயத்திலோ கப்பலே சொல்லாகிவிட்டது. அதற்கு வழி செய்தது அதன் ஈறு. னகர ஒற்றில் முடிந்த ஜெர்மன் பெயரில் தமிழ்ச் செவி ‘அன்’ என்னும் ஆண்பால் விகுதியைக் கேட்டது. வேலன், முருகன், எம்டன்! தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் சொன்ன ஆகுபெயர் இங்கே கப்பலை ஆளாக்கியது. முதல் உலகப் போருக்குப் பின், அக்கப்பலில் உயிர் தப்பியவர்கள் தம் பெயரோடு ‘எம்டன்’ என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசு அனுமதி தந்தது. நம் தெருக்களில் யாரும் அனுமதி கேட்கவில்லை.

பொருளுக்கு வருவோம். மலையாளத்தில் எமண்டன் என்றால் மிகப் பெரியது. அங்கே நா ‘ம்ட’வை ஏற்காமல் ‘ண்ட’வாக்கிக்கொண்டது. ஆனால் கப்பல் அப்படிப் பெரியதல்ல. 118 மீட்டர் நீளம், 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து, அவ்வளவுதான். மலையாளப் பொருள் வதந்தியில் பிறந்தது. தமிழில் எம்டன் என்றால் சூட்சுமக்காரன், பிடி கொடுக்காதவன். மூன்று புகைபோக்கி கொண்ட அந்தக் கப்பல் பொய்யாக நான்காவது ஒன்றைப் பொருத்தி ஆங்கிலேயக் கப்பல் வேடம் போட்டது. அந்த வேடத்தில்தான் அக்டோபர் 28 அன்று பினாங்கில் புகுந்தது. ஓசையின்றி வந்து அடித்துவிட்டு நழுவும் அந்தக் குணத்தைத்தான் சென்னை நேரில் கண்டது. கண்ட ஊர் தந்த பொருளே மூலப்பொருள்.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை கப்பலில் இருந்ததால் சொல் பரவியது என்பார்கள். அவர் அதில் இருந்ததற்கு ஆவணம் இல்லை. அந்தக் கதை இச்சொல்லுக்குத் தேவையுமில்லை.

2006இல் ‘எம்டன் மகன்’ என்ற படம், தமிழ்த் தலைப்புக்கான வரிவிலக்குக்காக ‘எம் மகன்’ ஆனது. அன்றும் வருந்தினேன், இன்றும் வருந்துகிறேன். அனகாபுத்தூர்த் தெருக்களில் ‘அவன் சரியான எம்டன்’ என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆண்பால் விகுதி ஏற்று, புதிய பொருளும் பெற்று, நூறாண்டு கடந்து வழங்கும் அந்தச் சொல் தமிழ்ச்சொல்தான். எமனை அப்பனாக்கி அதற்குக் குலம் தேட வேண்டியதில்லை.