ஓர் அலைவரிசை, பல செய்திகள்

வானொலி அலைவரிசை ஒன்று. அதில் செய்தி விடுக்க விழைவோர் பலர். அனைவரும் அதனைப் பயன்கொள்ளும் வழி யாது? மின்னிலக்கத் தொடர்பின் வரலாற்றில் இவ்வினாவுக்கு இரு விடைகள் எழுந்தன. முந்தியது பங்கீடு. பிரெஞ்சுப் பொறியாளர் எமில் போதோ, 1870-களில் ஒரே தந்திக் கம்பியில் பல செய்திகளை முறை வைத்து அனுப்பும் கருவியை அமைத்தார். ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறுபொழுது. தம் முறை வரும்போது மட்டுமே அனுப்பலாம். பின்னர் வானொலியும் இவ்வழியை மேற்கொண்டது.

ஆயின், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் தேவைக்கு இது பொருந்தவில்லை. அதன் தலைமைக் கணினி ஹொனலூலுவில். கல்லூரிகளோ பல தீவுகளில். கணினியைப் பயன்படுத்துவோர் ஒரு வரி தட்டுவர். பின் நெடுநேரம் சிந்திப்பர். அவர்க்கென ஒதுக்கிய பொழுது பெரும்பாலும் வீணே கழியும். ஆகவே பேராசிரியர் நார்மன் ஏபிரம்சன் குழுவினர் ஒதுக்கீட்டையே கைவிட்டனர். 1971 ஜூனில் இயங்கத் தொடங்கிய அவர்தம் 'அலோஹா' அமைப்பின் விதி எளிது: செய்தி உடையவர் உடனே அனுப்பலாம். பெற்றுக்கொண்டதாக மறுமொழி வேறோர் அலைவரிசையில் வரும். வாராவிடின் மீண்டும் அனுப்ப வேண்டும். 80 எழுத்துகள் கொண்ட செய்திப் பொதி ஒன்றுக்கு 0.073 நொடியே போதும்.

இரு பொதிகள் ஒரே பொழுதில் எழுந்தால் மோதி இரண்டும் கெடும். இருவரும் ஒரே அளவு காத்திருந்து அனுப்பின் மறுபடியும் மோதும். எனவே காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் குலுக்கல்போல் அமைந்தது. இவ்வுரிமைக்கு விலையும் உண்டு. நெரிசல் மிகுந்தால் மோதல் பெருகும். அலைவரிசையின் கொள்ளளவில் உச்சமாக 18.4 விழுக்காடே பயன்படும் என்பது கணக்கு. 1972-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் ஒரு திருத்தம் கூறினார். காலத்தைச் சம கூறுகளாக்கி, கூறின் தொடக்கத்தில் மட்டும் அனுப்புக என்றார். ஒரு பொதியின் வால் மற்றொன்றின் தலையில் மோதுவது ஒழிந்தது. பயன் ஏறத்தாழ 37 விழுக்காடாயிற்று.

அங்ஙனமாயின் பங்கீடே சிறந்ததன்றோ எனின், ஒன்று எண்ணுதல் வேண்டும். பங்கிடுவோர், பங்கு வேண்டுவோர் யாவர் என முதலில் அறிதல் வேண்டும். யாரென அறியப்படாதவர்க்கு முறை வைப்பது எங்ஙனம்? 1991-இல் பின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். கைப்பேசி முறையில், ஓர் அலைவரிசை 8 காலக்கூறுகளாகப் பங்கிடப்பட்டது. ஆயினும் அக்கூறு ஒன்றை வேண்டிக் கைப்பேசி விடுத்த முதல் விண்ணப்பம் அலோஹா வழியிலேயே சென்றது. பின்வந்த தலைமுறைகளிலும் அம்முதல் அழைப்பு பெரும்பாலும் முறை பாராது எழுவதே. பங்கீட்டின் வாயிலை இன்றும் திறந்து வைப்பது ஹவாய்த் தீவுகள் கண்ட அந்த எளிய விதியே.